மீன்பாடியில் வந்த சாம்பார்

மயிலாப்பூரில் கர்நாடக சங்கீதம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் டீசல். வேம்பு மாமா இதைச் சிரிக்காமல் சொல்வார். ரவா தோசை இல்லாவிட்டால் ரசிகர் வரமாட்டார். ரசிகர் வராவிட்டால் வித்வான் பாடமாட்டார். வேன் வராவிட்டால் தோசைக்குச் சாம்பாரே கிடையாது. ஆகவே டீசல்.

மெட்ராஸ் சென்னையான மறு வருஷம் அது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சபாவின் டிசம்பர் கேன்டீன் மாமாவிடம் இருந்தது. சமையல் மயிலாப்பூரில், அவர் வீட்டுக் கொல்லையில். அண்டாக்களை ஏற்றிக்கொண்டு அவரே வேன் ஓட்டி வருவார். வேனுக்கு ஒரே ஒரு குறை: நின்றால் கிளம்பாது. சரிவில் உருட்டிக் கிளப்பலாம் என்றால், இந்த ஊரில் பாலங்களைத் தவிரச் சரிவே இல்லை. அதனால் சாம்பார் இறக்கி முடிக்கும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சபாவின் பின் ஜன்னலுக்கு நேராக.

சீசன் தொடங்கிய வாரத்திலேயே ஒரு நாள், பாடகி சங்கராபரணத்தில் மேலே போய் நின்றபோது புகையும் உள்ளே போய் நின்றது. அவர் இருமினார். முதல் வரிசை அதைப் புது சங்கதி என்று நினைத்து "பலே" என்றது.

செயலாளர் பத்ரிநாராயணன் கேன்டீனுக்கு வந்தார். இரண்டாவது தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

"ஓய் வேம்பு, ஞாயித்துக்கிழமை பெரிய கச்சேரி. அன்னிக்கு அந்த வேன் கேட்டுக்குள்ள தலையைக் காட்டித்துன்னா கேன்டீன் வேற ஆளுக்கு. அப்புறம் டீசலைத் தாளிச்சு நீரே சாப்பிடும்."

மறுநாள் மாமா கிண்டிக்குப் போனார். அங்கே ஒருவர் பாட்டரியில் ஓடும் மூணு சக்கர வண்டி செய்திருந்தார். புகையில்லை, சத்தமில்லை. காலி அண்டாவோடு ராஜா மாதிரி போனது. "தண்ணி ரொப்பிப் பாக்கலாமா?" என்றார் மாமா. ரொப்பினார்கள். கோட்டூர்புரம் பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு வந்த வழியே பின்னால் உருள ஆரம்பித்தது. விலையைக் கேட்டதும் மாமாவும் அப்படியே செய்தார்.

அடுத்தது காஸ். சிலிண்டர் மாட்டி வேன் ஓட்டலாமாம் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏன்னா, சிலிண்டருக்குப் பதிஞ்சுட்டு தெனம் வாசலைப் பாத்துண்டு நிக்கறேன்," என்றாள் சுலோச்சனா மாமி. "இருக்கற ஒண்ணையும் வேனுக்குக் குடுத்துட்டா, சாம்பாரை எதுல வெப்பேள்?"

காஸ் திட்டம் அதோடு அணைந்தது.

கேன்டீனுக்குச் சோடா கொண்டுவரும் குலாம் முகம்மது, தன் மூணு சக்கர மீன்பாடி வண்டியில் சாய்ந்தபடி இதையெல்லாம் கேட்டார். முன்னால் சரக்கு வைக்கப் பலகை, பின்னால் மிதிக்க ஒரு சீட்டு, கைப்பிடியில் ஒரு மணி. வண்டி அவ்வளவுதான்.

"நம்மாண்ட இன்னொரு வண்டி சும்மா கீது மாமா. எத்துக்கினு போ. டீசல் வாணாம், பாட்டரி வாணாம். மிதிக்கிறவனுக்கு நாலு இட்லி போட்டா ஓடும்."

"அது பேரே மீன்பாடி. அதுல என் சாம்பாரா?"

"சாம்பாருக்கு இன்னா தெரியும்?"

"நேக்குத் தெரியுமே, பாய்! மணியடிச்சுண்டு வர்றதுக்கு இதென்ன குச்சி ஐஸா? கிணிங் கிணிங்னு சாம்பார் வந்தா வித்வான்லாம் எழுந்து போயிடுவா. கௌரவம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

"வேன நாலு பேரு தள்ளிக்கினு போறப்போ அந்தக் கௌரவம் எங்க குந்திக்கினு கீது?"

மாமா ஒரு சோடாவை உடைத்துக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஹாலில் ஆலாபனை தொடங்கிவிட்டது. பத்ரிநாராயணன் பின் கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக நின்றார். வேன் சத்தமே கேட்கவில்லை. நேரம் ஆக ஆக, இன்றைக்குத் தோசையும் கிடையாதோ என்ற கவலை வந்து, உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் சந்தில் ஒரு மீன்பாடி திரும்பியது. வாய்க்குத் துணி கட்டிய இரண்டு அண்டாக்கள். பின்னால், வேட்டியை மடித்துக் கட்டி, வியர்வையில் குளித்தபடி வேம்பு மாமா. வழியெல்லாம் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. மணியின் மேல் மட்டும் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார்.

ஜன்னல் வழியே சாம்பார் வாசனை மட்டும் உள்ளே போனது.

கேட்டுக்குக் குறுக்கே ஒரு தெரு நாய் படுத்திருந்தது. "சூ," என்றார் மாமா, ரகசியமாக. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

மாமா முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு, ஹாலுக்கு எட்டாதபடி, கட்டைவிரலால் மெதுவாக ஒரு கிணிங்.

நாய் எழுந்து போனது. அது போன பிறகும் இன்னொன்று அடித்தார்.