கலங்கிய கிணறும் றலியாவின் இத்தாவும்

முப்பத்தெட்டாம் ஆண்டு கட்டுகஸ்தோட்டையில் பூமி ஆடியது என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பூமி ஆடியதோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அது விடியுமுன் தொழும் சுபஹுத் தொழுகை நேரம். ஆண்கள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குள் பீங்கான்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஒரு கலிமா சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது.

விடிந்ததும் குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவுக்கே ஒரு கிணறுதான்; அது றலியாவின் வீட்டு வளவில் இருந்தது. அவள் புருஷன் பளீல் மௌத்தாகி அதிக நாள் ஆகவில்லை. அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வாளியை இறக்கி இழுத்தேன். தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணீர் மாதிரி வந்தது, துருவாடை வேறு. மறுநாள் அதுவும் இல்லை. வாளி அடிக்கல்லில் போய் இடித்தது.

அதேவேளை கீழே மகாவலி ஆற்றங்கரையில், காய்ந்து கிடந்த பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கொப்பளித்து ஓடியது. பூமி குலுங்கியதில் உள்ளே தண்ணீர் போகிற வழி மாறிவிட்டது; மேலே குறைந்தது கீழே வந்திருக்கிறது. சட்டியில் கீறல் விழுந்தால் எங்கே ஒழுகும் என்று தெரிந்த எவளுக்கும் இது விளங்கும். எங்கள் தெரு ஆண்களுக்கு விளங்கவில்லை.

பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மத்திச்சம் சாஹுல் ஹமீதுதான் தொடக்கிவைத்தார். "இத்தாவ முறிச்ச பொம்புள இருக்கிற வளவுல தண்ணி நிக்குமா?"

பூமி ஆடியபோது றலியா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்கு ஓடி வந்தாளாம். வந்தாள்தான். கூரை ஓடும் மரமும் பிள்ளையின் தலையில் விழட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா? உயிருக்குப் பயந்து வெளியே வருவது குற்றமில்லை என்று தொழுகை நடத்தும் லெப்பைக்குத் தெரியும். சொல்லவும் செய்தார், தாடிக்குள்ளேயே.

அவளைத் தெல்தோட்டையில் இருக்கும் அவள் கூடப்பிறந்த நானாவின் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வாசலைத் தாண்டியது குற்றமாம். அதற்குத் தண்டனை வீட்டைவிட்டே துரத்துவதாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பளீல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு அது. ஒருமுறை வெளியேற்றிவிட்டால் அவளைத் திரும்பி வர விடுவார்களா?

அவளை ஏற்றிப்போக மாட்டுக் கரத்தை வந்து வாசலில் நின்றது. மத்திச்சம், லெப்பை, தெரு ஆண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் கதவை மறித்து நின்றேன். எனக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் றலியா நின்றாள்.

"பூமி ஆடியும் எங்கட ஆம்பிளைகள் ஒருத்தரும் தொழுகைய விட்டு அசையல்ல. ஒரு பொம்புளைக்கு வீட்டுக்குள்ள இருக்க ஏலாமப் போச்சு" என்றார் மத்திச்சம்.

"அவ வெளிய வந்தத யார் கண்ட?" என்று கேட்டேன்.

"நான் கண்டேன், என்ட ரெண்டு கண்ணால!"

திரைக்குப் பின்னாலிருந்து றலியாவின் குரல் வந்தது. "கைரியா ராத்தா, ஆட்டம் நின்ட உடனே நான் உள்ள போயிட்டேன். அந்நேரம் ஆம்பிளைகள் எல்லாரும் தொழுகையில. மத்திச்சம் நானா எங்க நின்டு என்னக் கண்டார் என்டு கொஞ்சம் கேளுங்க."

நான் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் கறுத்துப் போனது.

"தொழுகையில கடைசி வரிசையில இருந்து யாரோ வெளிய ஓடுற சத்தம் எனக்கும் கேட்டது" என்றார் லெப்பை. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கரத்தை வெறுமையாகத் திரும்பிப் போனது.

சில வாரங்களில் கிணற்றில் தண்ணீர் தானாகவே ஏறித் தெளிந்தது. தான் கையேந்திக் கேட்ட துஆவால்தான் வந்தது என்று மத்திச்சம் கடைவீதியில் சொல்லித் திரிந்தார். றலியாவிடம் மன்னிப்புக் கேட்க ஒருவரும் வரவில்லை. குடத்தோடு மட்டும் எல்லோரும் வந்தார்கள். முதலில் வந்தது மத்திச்சத்தின் பெண்சாதி ஆஸியா உம்மா. நான் வளவு வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"விடுங்க ராத்தா. அவங்களும் புள்ளகுட்டிக்காரர்தானே" என்றாள் றலியா உள்ளேயிருந்து.

அவளுடைய கிணறு, அவள் சொல்கிறாள். விலகினேன். ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.