கடல் அட்டைக்கு மூன்று சாட்சி

அகராதி அலுவலகத்தில் அவனைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வாக்கியத்தையும் பாதியில் நிறுத்திவிடுவான். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. 'கடல் அட்டை' பதிவை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மனைவி அதற்குள் மாமனார் வீடுவரை செய்தியை அனுப்பிவிட்டாள்.

பொருள் எழுதுவதில் சிக்கலில்லை. கடலடி மணலில் ஊரும், முதுகெலும்பில்லாத, மெத்தென்ற உயிர். எழுதும்போது தன் சுயவிவரத்தையே எழுதுவதாக அவனுக்குப் பட்டது. பெயர்க்காரணத்துக்கும் மூன்று புத்தகங்கள் ஒரே கதையைச் சொல்லின: முத்துக் குளித்தவர்களின் காலில் இது அட்டைபோல ஒட்டிக்கொண்டதாம். மூன்று சாட்சி இருந்தால் போதும் என்பது அலுவலக விதி. எழுதிக் கொடுத்துவிட்டான்.

மெய்ப்பு பார்க்கும் அக்கா விடுகிற ஆளில்லை. மூன்று புத்தகமும் ஒரே பழைய வார இதழைக் கைகாட்டுவதைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தின் நகலோடு வந்தாள். மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, எழுதியவர் பெயரில்லை. யாரென்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவதாகவும், தெரியாவிட்டாலும் மூன்று சாட்சி விதிப்படி அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள்.

காற்புள்ளி நகலை வாங்கிப் பார்த்தான். பத்து வருடத்துக்கு முன் அந்த இதழில் பக்கம் நிரப்பியவன் அவனேதான். அப்போது அவன் கடல் அட்டையை மட்டுமல்ல, கடலையே பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம், பொய்யும் நிரந்தரம்.

"அக்கா, அதை எழுதினது நான்தான். பக்கத்துல நாலு வரி குறைஞ்சுது. புளுகிட்டேன்."

அவன் முடித்த முதல் வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும். அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணு புஸ்தகத்தை ஏமாத்தியிருக்கே. திறமைசாலிதான்டா நீ."

விஷயத்தைக் கேட்ட ஆசிரியர் கத்தவில்லை. மீன் சந்தைக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னார். அங்கே கருவாட்டைக் குவித்து வைத்திருந்தவர், கேள்வியைக் கேட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாக்க அட்டை மாதிரி இருக்கு, அட்டைன்னு சொல்றோம். இதுக்குப் போயா சம்பளம் குடுக்கறாங்க?"

காற்புள்ளி புதிய சீட்டில் எழுதினான்: 'உருவ ஒற்றுமையால் வந்த பெயராக இருக்கலாம்.' ஆசிரியர் 'இருக்கலாம்' என்பதை இரண்டு முறை படித்துவிட்டு, அப்படியே அச்சுக்கு அனுப்பினார். வேலையைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள், "நிரந்தரம்தானே?"

செருப்பைக் கழற்றியபடி சொன்னான், "இருக்கலாம்."