பின்சீட்டு

அன்று காலையில் மழை வரும்போல் இருந்தது. அவர் பழைய பனியனால் வண்டியின் டேங்கை ஒருமுறை துடைத்தார். மாடிப்படிக்கு அடியில் தள்ளி நிறுத்தி, உறையை இழுத்து மூடிவிட்டு, குடைகூட எடுக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"வண்டி நனையக் கூடாது. நீங்க மட்டும் நனையலாமாக்கும்?" என்றாள் அவள், வாசலில் நின்று.

"எனக்குத் துருப் பிடிக்காதும்மா."

சிரித்துக்கொண்டே தெருமுனை திரும்பிப் போனார். அவர்கள் பேசிக்கொண்டதில் கடைசி அதுதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்டா" என்று டூல்பெட்டி மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பழுது பார்ப்பதற்காக லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததும் அவர்களேதான். கூட வேலை பார்த்த நெட்டை அவரைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படியும் இறங்கினான். கீழே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவப்பு வண்டிதான். "வந்த நேரம் சரியில்ல. என் அண்ணனையே முழுங்கிடுச்சே" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று வண்டி வாசலைக்கூடத் தாண்டவில்லை என்று எத்தனை பேருக்கு விளக்குவது? வித்துத் தொலை என்றார்கள். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அவர் அதை வாங்கியபோதே தெருவுக்கெல்லாம் வேடிக்கைதான். பந்தயத்தில் குனிந்துகொண்டு பறப்பார்களே, அந்த வகை வண்டி. தலை முழுக்க நரைத்த பிறகு இந்தக் கூத்து எதற்கு என்று கேட்டவர்களிடம், "வாழ்க்கை பூரா மேலயும் கீழயுமே போய்ட்டு வந்தாச்சு. கொஞ்ச நாள் நேராப் போய்ப் பாக்கறேனே" என்பார்.

வண்டி வந்த அன்றே அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போனார். பின்சீட்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் பின்பக்கம் அப்படியே அமுங்கி, அடியில் 'டொக்' என்று இடித்தது. அவளுடையது கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே லென்ஸ் தேய்க்கிற இடுப்பு. இறங்கும்போது அது கழன்று கையோடு வந்துவிடும்போல் இருந்தது.

"இது சீட்டா, தபால் தலையா? இனிமே என்னைக் கூப்பிடாதீங்க சாமி."

"ஸ்பிரிங்கைச் சரி பண்ணிடலாம்" என்றார். முகம் வாடித்தான் போயிருந்தது. சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். "இப்ப ஏறிப் பாரேன்."

"அடுப்புல வேலை கிடக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் ஏதோ வேலை இருந்தது. அவர் அப்புறம் கேட்கவில்லை.

ஆனால் தினமும் வேலையிலிருந்து வந்ததும், பத்திரிகைக்கு எழுதிக் கொடுப்பவர்போல வண்டியைப் பற்றிச் சொல்லுவார். "கிளட்ச் வெண்ணெய்தான் போ. கியர் விழறதே தெரியல. இஞ்சின் இருக்கே, முதல்ல முனகும், அப்புறம் உறுமும். இன்னும் முறுக்கினா பாடும்னு நினைக்கறேன். நான் முறுக்கல. புதுசுதானே, பழகட்டும்." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வார். "ஒரே குறை, பின்பக்கம் கல்லு மாதிரி இருக்கு. முதுகெலும்பை ஒண்ணொண்ணா எண்ணிக் கையில குடுக்குது."

"ஊருக்கெல்லாம் மெக்கானிக். உங்க வண்டியை இளக்கிவிடத் தெரியாதா?"

"ஒரு ஆள்தான் ஏறறான்னு லிஃப்டுக்கு ஒரு ஆளுக்கா கயிறு கட்டறோம்? ஆறு பேருக்குத்தானே கட்டறோம்."

"கேட்டதுக்கு என்னிக்காவது நேரா பதில் வந்திருக்கா?" என்று அவள் தைலத்தை எடுத்து வந்து முதுகில் தேய்த்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார். அதெல்லாம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டை வந்தான்.

"அண்ணன் வண்டி வெளியாள் கைக்குப் போக வேணாம் அண்ணி. நானே எடுத்துக்கறேன்."

சாவியைக் கொடுத்தாள். ஒரு சுற்றுப் போய்விட்டு இடுப்பைப் பிடித்தபடி வந்து இறங்கினான்.

"என்ன அண்ணி இது, கழுதை மாதிரி உதைக்குது!" குனிந்து பார்த்தான். பின் ஸ்பிரிங்கின் அடியில், அதை இறுக்கவும் இளக்கவும், படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருந்தது. "அதானே பார்த்தேன். கடைசிப் படியில ஏத்தி வச்சிருக்காரு. ரெண்டு பேர் போனாத்தான் இவ்வளவு இறுக்கம் வேணும். பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"யாருமில்ல."

"தனியாப் போறதுக்கு இது எதுக்கு? அண்ணனுக்குத் தெரியாததா? ரெண்டு நிமிஷத்துல இளக்கிடறேன்." சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த கொக்கி ஸ்பேனரை எடுத்து வளையத்தில் மாட்டினான்.

அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். உள்ளங்கையில் தைலத்தின் எரிச்சல் இன்னும் இருப்பதுபோல் இருந்தது.

"இரு தம்பி, திருப்பாதே. என்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் பாலம் வரைக்கும் போ."

நெட்டை அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்பேனரை இருந்த இடத்திலேயே வைத்தான்.

முதல் பள்ளம் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். 'டொக்' என்ற அந்தச் சத்தம் வரவில்லை. வண்டி மெல்ல அமுங்கி மெல்ல எழுந்தது, தூங்குகிற குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்வதுபோல. அடுத்த பள்ளத்திலும் அப்படியே.

"அட, இப்பப் பூ மாதிரி போகுது அண்ணி!" என்று நெட்டை முன்னாலிருந்து கத்தினான்.

அவள் போட்டிருந்தது அவருடைய ஹெல்மெட். தலைக்குப் பெரியது. உள்ளே அழுதது வெளியே கேட்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், "இதைக் குடுக்கறதுக்கில்ல தம்பி. கோவிச்சுக்காதே" என்றாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதே அண்ணி?"

"நீ லீவு நாள்ல வந்து ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இடுப்புவலிக்கு வைத்தியம்னு சொல்லு."

நெட்டை சிரிக்க முயன்றான், வரவில்லை. வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

வித்தாச்சா என்று நாத்தனார் இன்னும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வண்டி மாடிப்படிக்கு அடியில் உறைக்குள் நிற்கிறது. அந்த வளையம் கடைசிப் படியிலேயே இருக்கிறது.