ஈயக் கதவுக்கு இந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனையோ மாடிக்கு மேலே, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காற்றடித்தால் பெட்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிற மனுஷன். எனக்குப் பல்லியைக் கண்டால் பயம் என்று தெரிந்ததும், கல்யாணமான புதிதில் நாள் முழுக்கக் கேலி செய்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் பட்டப்பகலில், எங்கள் வீட்டுக் கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்து வெலவெலத்துப் போய் நின்றார்.

“யாரோ நிக்கிறான்,” என்றார்.

“கேஸ்காரனா இருக்கும். சிலிண்டரை உள்ள வைக்கச் சொல்லுங்க,” என்றேன், காய் நறுக்கிக்கொண்டே. பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் அந்த ஆள் திரும்பத் திரும்ப வந்தான். எப்போதும் நின்றுகொண்டேதான் இருப்பான், பேச மாட்டான், கிட்டே வர மாட்டான் என்பார் இவர். பார்த்த டாக்டரெல்லாம் மனக்கவலை என்றார்கள், தூக்கம் போதாது என்றார்கள். ஒரு புண்ணியவான் எங்களைச் சுற்றுலா போகச் சொன்னார். கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், அவர் கண்ணெதிரிலேயே இவருக்கு அது வந்தபோது, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போட்ட மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி. லட்சக்கணக்கான பேரில் யாரோ ஒருவருக்கு வருகிற புற்றுநோய். எங்கள் அதிர்ஷ்டத்துக்குப் பரிசுச்சீட்டு விழுந்திருக்கக் கூடாதா?

“அந்தக் கட்டி பயத்த ரத்தத்துல கலக்குதும்மா,” என்றார் டாக்டரம்மா. “பயம் முதல்ல வந்துடும். அதுக்கு ஒரு காரணத்த மூளை அப்புறமாத்தான் தேடிக்கும்.”

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கத்தி வைத்து அறுத்து எடுத்துவிடக்கூடிய பேய்தானே! அறுத்தும் எடுத்தார்கள். ஆனால் அதற்குள் அது எலும்புக்கும் கல்லீரலுக்கும் குடிபோயிருந்தது.

அதற்கு இருந்த ஒரே வழி கதிர்வீச்சு மருந்து. ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவார்கள். ஏற்றியபின் சில நாளைக்கு இவர் உடம்பே கதிர் வீசும் என்பதால் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. ஈயம் வைத்த கதவு. சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டு நர்ஸ் உடனே வெளியே வந்துவிடுவார். வராந்தாச் சுவரில் ஒரு போன், அதற்கு மேலே ஒரு சின்னத் திரை. நான் திரையில் பார்த்தபடி போனில் பேசலாம், அவ்வளவுதான். முதல் தடவை போய்விட்டு வந்தவர் இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. “ஆளு போயிட்டான்,” என்று மட்டும் சொன்னார். நானும் நம்பினேன். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லித் தீர்த்தேன்.

இன்னொரு தடவை மருந்து ஏற்ற வேண்டியிருக்கலாம், அந்தப் பயம் வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறை கேட்டபோதும் இல்லை என்றார். அந்தச் சமயத்தில்தான் தன் சட்டைகளைத் தானே துவைக்க ஆரம்பித்தார். “இன்னிக்கு மழை கொட்டப்போகுது,” என்று நான் வேறு கிண்டல் செய்தேன்.

நான் ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறேன். ஒருநாள் மிஷின் பழுதாகி, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். குளியலறை வாளியில், காலையிலிருந்து போட்டு மாற்றிய சட்டைகள் கிடந்தன. வேலை செய்த வியர்வை அக்குளில் ஆரம்பிக்கும். இது பயத்து வியர்வை, பிடரியிலிருந்து கீழ் ஓரம் வரைக்கும் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தது போல இறங்கியிருந்தது. எழுப்பினேன். சட்டையை இவர் மடியில் போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியையும் சேர்த்துப் போட்டிருப்பேன்.

“எத்தன நாளா இந்தக் கூத்து நடக்குது?”

சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். “என்னால அந்த ரூமுக்கு இன்னொரு தடவ போக முடியாதும்மா.”

“ஏன்?”

“இங்க நின்னுக்கிட்டுத்தானே இருப்பான்? அங்க உக்காந்துட்டான்.”

எனக்குப் புரியவில்லை.

“கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி கிடக்கு. யாரும் வரக் கூடாத ரூமுல அது எதுக்குன்னு தெரியல. முட்டி மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நோயாளியப் பாக்க வந்தவன் மாதிரி. நான் வெளிய வர்ற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.”

மூளையின் வேலைதான் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அன்றைக்குச் செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி வாசலுக்குப் போக எனக்கே கால் வரவில்லை. ஆனாலும் அந்த ஆளைவிட, அவனும் இல்லாமல் இவரும் இல்லாமல் கிடக்கப்போகிற வீட்டை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேருகிற நாள் வரைக்கும் இவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சேர்ந்த அன்று மருந்து வந்துவிட்டது. இவருக்கென்றே வெளியூரில் செய்து, கனத்த பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கே ஏற்றவில்லையென்றால் வீணாகிவிடும். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதுவரை நோய் காத்திருக்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இவரோ கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்ட மாட்டேன் என்கிறார். கண் நாற்காலியிலேயே இருந்தது. “வீட்டுக்குப் போயிடலாம், வா,” என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

நான் அந்த நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். இரும்புக் கால் தரையில் கிரீச்சிட்டது. கதிர்வீச்சை அளக்கிறவர் “அதத் தொடாதீங்கம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, கருவியை அதன் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். போனுக்கு நேர் கீழே போட்டேன். உள்ளே இவர் கொஞ்ச நேரம் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தினார்கள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். மருந்து ஏறியபின் பயம் கிளறிக்கொண்டு வரலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வந்தது. திரையில் இவர் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பது தெரிந்தது.

“இல்ல,” என்றார். “இங்க இல்ல.”

“அப்பாடா! நல்லதாப் போச்சு.”

“நீ எதுல உக்காந்திருக்க?”

நான் குனிந்து நாற்காலியின் இரும்புக் காலைப் பார்த்தேன்.

“அப்ப அங்கதான் இருக்கான்.”

“நான் உக்காந்திருக்கிற நாற்காலியில அவனுக்கு ஏதுங்க இடம்? நான் என்ன அவ்வளவு மெலிஞ்சா போயிட்டேன்?”

திரையில் இவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

“நீ எந்திரிச்சுப் போனதும் உள்ள வந்துடுவானா?”

“இவ்வளவு கனமான கதவ எப்படித் திறப்பான்?”

“அவனுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டா?” மூச்சு வாங்கினார். “போறப்ப அவனையும் கூட்டிட்டுப் போயிடும்மா.”

வீட்டில் யாரும் இல்லை. இவர் வரும்வரைக்கும் நான் ஒருத்திதான். கூடம், செருப்பு ஸ்டாண்டு, அந்தச் சுவர் எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்துபோயின.

“சரி,” என்றேன். “கூட்டிட்டுப் போறேன். நீங்க தூங்குங்க.”

கட்டிலுக்குப் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பி, அறைக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். முதுகு மெதுவாக ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். எழுந்தேன். நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வா,” என்றேன், மெதுவாக.

லிப்டில் ஒரு வார்டு உதவியாளர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். ஏறி ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

“யாராச்சும் வரணுமாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா, கூட ஒரு ஆள் வரணும்,” என்றேன். ஒருவர் உள்ளே வந்து நிற்க ஆகும் நேரம் காத்திருந்துவிட்டு, விரலை எடுத்தேன்.