காப்புக் கயிற்றின் மஞ்சள்

சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர்த் தோட்டம் அழிந்து தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தபோதும் மாரியம்மன் கோயில் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அங்கே முதல் கரகம் சன்னாசி வீட்டுப் பெண் தலையில்தான் ஏறும். மூன்று தலைமுறையாக அப்படித்தான். இந்த ஆண்டு அவருடைய மகள் பிரமிளாவின் முறை.

காப்புக் கட்டிய நான்காம் நாள் பூசையில் சன்னாசி மைக்கைக் கேட்டு வாங்கினார். "என் மக ஈப்போ லேப்புல வேலை செய்யிறா. தண்ணியில கரையாத மருந்த, நூத்துக்கு எழுபது பங்கு தண்ணிக்குள்ள நிக்க வச்சிட்டா!" பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது.

ஆறாம் நாள் மதியமே பிரமிளா வீடு திரும்பினாள்.

"அப்பா, அந்தக் கணக்கு தப்பு."

சன்னாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள். மருந்து என்பது மஞ்சளிலிருந்து எடுத்த சத்து. தண்ணீரில் கரையாது. அதைத் தண்ணீருக்குள் நிறுத்த அவள் சேர்ப்பது பெப்டைட், புரதத்தின் சின்னத் துணுக்கு. அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். தண்ணீரில் போட்டால் அவை தாமாகவே ஒன்றுகூடி உருண்டையாகும், மருந்தை நடுவில் பொத்திக்கொள்ளும்.

"ரப்பர் பால் மாதிரியா?" தோட்டத்துப் பால் கொட்டகையில் முப்பது வருடம் நின்றவர் கேட்டார்.

"அது மாதிரிதான்ப்பா. கரையாது, ஆனா தண்ணிக்குள்ள நிக்கும். எவ்வளவு நிக்குதுன்னு மஞ்ச நிறத்த வச்சு அளக்கணும். இன்னிக்கு மருந்தே போடாத குப்பியையும் அளந்து பாத்தேன். அதுவும் மஞ்சளா இருக்கு."

மணிக்கட்டை நீட்டினாள். மஞ்சள் கிழங்கு கட்டிய காப்புக் கயிறு.

"கையுறை போடலையா?"

"போட்டேன். மேல பிளாஸ்டிக்கும் சுத்துனேன். அப்பவும் கயிறு வேர்வையில ஊறித் தூளா குப்பிக்குள்ள உதிருது. மொதல்லயே வெறுங்குப்பிய அளக்காதது என் தப்பு."

"திருவிழா முடிஞ்சு செய்யேன்லா."

"ஒரு தடவைக்குத்தான் பெப்டைட் மிச்சம். கரைச்சு வச்சாச்சு, நாளைக்கு மேல தாங்காது. வெள்ளிக்கிழமை அறிக்கை போவுது."

"அப்படியே விட்டா?"

"யாருக்கும் தெரியாதுப்பா."

காப்பை இடையில் கழற்றினால் கரகம் எடுக்கக் கூடாது. அவருடைய பாட்டனார் காலத்துச் சட்டம் அது. சன்னாசி அவள் மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அறிக்கையில யார் பேரு?"

"என் பேருதான். பிரமிளா, சன்னாசி மகள்னு முழுசா இருக்கும்."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "வா, கோயிலுக்கு."

கோயில் செயலாளர் அர்ச்சுனன் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். சன்னாசி வீட்டுக்கு அடுத்தபடியாக முதல் கரக உரிமை அவர் வீட்டுக்கு. விஷயம் கேட்டதும் சிரித்தார். "என்னண்ணே, மருந்து கண்டுபிடிச்ச கைக்குக் கரகம் கசக்குதா?"

"கண்டுபிடிக்கல. தப்பா அளந்துட்டா, திரும்ப அளக்கணும். காப்பக் கழத்துறோம். ஒன் மருமக எடுக்கட்டும்."

அர்ச்சுனனின் சிரிப்பு அடங்கியது. பூசாரி அம்மன் முன்னால் முடிச்சை அவிழ்த்தார். பிரமிளா குழாயடியில் எலுமிச்சம்பழம் போட்டு மணிக்கட்டைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள்.

மறுநாள் மருந்து போடாத குப்பி நிறமற்று நின்றது. மருந்து போட்டதில் மஞ்சள் இருந்தது, முன்பைவிட வெளிறி.

திருவிழாவன்று முதல் கரகம் அர்ச்சுனனின் மருமகள் தலையில் போனது. சன்னாசி அதன் பின்னால் முதுகு வளையாமல் நடந்தார். கரகம் இறங்கியதும் மறுபடி மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"அன்னிக்கு எழுபதுன்னு சொன்னேன். அது தப்பு. நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு பாஸ்தானாண்ணே?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

"பாஸா ஃபெயிலான்னு படிச்சவங்க சொல்லட்டும். என் மக அளந்த கணக்கு இதுதான்."

மைக்கை அர்ச்சுனனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்ற மகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.