வசதியான வீடு

அற்புதமணி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக விரலால் ஒதுக்கினார். முன்வாசல், ஹால், அடுக்களை, குளியலறை. கல்விக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பங்களையும் அதோடு வரும் வீட்டுப் படங்களையும் சரிபார்ப்பது அவர் வேலை. எதிரே உமாராணி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்திருந்தாள். மகள் பானுப்ரியாவுக்கு மதுரையில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்ட இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதிய. இத அனுப்புனா கமிட்டியில தள்ளிருவாவ."

"ஏன் அண்ணாச்சி?"

"டைல்ஸ் போட்ட வீடு. பெரிய ஃப்ரிட்ஜ், ஷோகேஸ். பாத்தா வசதியாத்தான தெரியுது."

"அந்த ஃப்ரிட்ஜு ரிப்பேராகி நாலு மாசம் ஆவுது. உள்ள பருப்பு டப்பாதான் அடுக்கி வச்சிருக்கேன்."

"அது போட்டோவுல தெரியலல்லா." அவர் குரலைத் தாழ்த்தினார். "சில பேரு தெரிஞ்சவுங்க ஓட்டு வீடாப் பாத்து போட்டோ எடுத்துட்டு வாராவ. நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

மாப்பிள்ளையூரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்குக் காது மடல் சுட்டது. அவர் நல்ல மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததே எரிச்சலைக் கூட்டியது. கணவன் ஜெயகணேஷுக்குத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கர் வேலை. மாதம் தவறாமல் ஓவர்டைம் வந்த காலத்தில் கட்டிய வீடு இது. எட்டு மாதமாக அரைச் சம்பளம்தான். ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவான். கறி எடுப்பதை நிறுத்தியபோது மாமியாரிடம் கொலஸ்ட்ரால் என்று சொல்லிச் சமாளித்தார்கள். கேபிளை வெட்டியபோது அக்கம்பக்கத்தில் பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். நகை பேங்குக்குப் போனபோது அதே மாதிரி கவரிங் வாங்கிக்கொண்டாள். எட்டு மாதமாக, வெளியே தெரியாமல் இருக்க அவர்கள் உழைத்த உழைப்பு கொஞ்சமல்ல. இப்போது, தெரியவில்லை என்பதே குற்றமாகிவிட்டது.

வேலையிலிருந்து வந்த ஜெயகணேஷிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பொறவாசல்ல எடுத்துருவோம். உப்புக்காத்துல பூச்சு உதுந்த சொவரு இருக்குல்லா. நீ பழைய நைட்டியப் போட்டுக்கோ. காதுல கெடக்க தோட்டக் கழட்டிரு." அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"இது கவரிங்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"படத்துல தங்கம் மாதிரிதான இருக்கும்."

"அதுக்குத்தான வாங்கிப் போட்டேன்."

அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் கதவை இழுத்துத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. முட்டைக் குழிகளில் மிளகு, சீரகப் பொட்டலங்கள். "ஏளா பானு, இதப் போட்டோ எடு." பானுப்ரியா எடுத்தாள். உமாராணி பீரோவிலிருந்து நகை அடகு ரசீதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். "இதையும் எடு." பிறகு கணவனிடம், "நீங்களும் வந்து நில்லுங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"அரைச் சம்பளம் வாங்குத ஆளு யாருன்னு அவங்க பாக்க வேண்டாமா?"

சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயகணேஷ் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அப்பா, இங்கன பாருங்க" என்று பானுப்ரியா இரண்டு தடவை சொன்னாள். அவன் சுவரையே பார்த்தான். படம் அப்படியேதான் விழுந்தது. அப்படியேதான் அனுப்பினார்கள்.

நாலாம் நாள் அற்புதமணி கூப்பிட்டார். கமிட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்களாம்.

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். வணக்கம் சொல்வதற்கு முன்பே கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் போனை உயர்த்தி வீட்டைப் படம் எடுக்கத் தொடங்கினான். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து நின்றாள். அவள் பின்னால் அவள் மருமகளும்.

உமாராணி இறங்கிப்போய் கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வாங்க."

"ஒரு நிமிஷம்மா, வெளிய முடிச்சிட்டு வர்றேன். கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வீட்ட மறைக்கிறீங்க."

அவள் நகரவில்லை. வெயிலில் கேட்டின் இரும்புக் கம்பி கையைச் சுட்டது. விடாமல் பிடித்துக்கொண்டு, போன் கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தை நேராகப் பார்த்தாள். அவன் போனைக் கீழே இறக்கவில்லை.