பட்டைக்குள் காகிதம்

அக்காவின் தலை சிறுத்துவிட்டது. அவள் அப்படித்தான் சொன்னாள். உண்மையில் ஆஸ்பத்திரி மருந்தால் முடிதான் போயிருந்தது. தொப்பிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பச்சைத் தொப்பி அவள் புருவம் வரை இறங்கி உட்கார்ந்தது.

"கிணத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்கற மாதிரி இருக்குடா."

தம்பி செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்து மடித்தான். தொப்பியைக் கவிழ்த்தான். உள்ளே தலையைச் சுற்றி வரும் தோல் பட்டையைத் தூக்கி, அதற்கும் தொப்பியின் ஃபெல்ட் துணிக்கும் நடுவே காகிதத்தைச் செருகினான். பட்டையை மூடியதும் காகிதம் மறைந்தது. தொப்பி அவள் நெற்றியில் நின்றது.

"இது பேப்பரோட நிக்கட்டும்" என்றாள் அக்கா. "தோல்ல கத்திரிக்கோல் வெச்சே, கையை ஒடிச்சிருவேன். முடி வந்ததும் பேப்பரை எடுத்துடணும்."

"சரிக்கா."

அக்காவுக்குக் கல்யாணம் நடந்து முறிந்தது. தம்பிக்கு நடக்கவே இல்லை. ஒரே வீட்டில் இருவரும், முன்னறை முழுக்கத் தொப்பிகளும். அலமாரிமேல், கதவுக் கொக்கியில், ஓடாத மின்விசிறியின் இறக்கைகளில்கூட. பழைய சாமான் கடைகளில் நுழைந்து, மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடப்பதை அவள் இழுத்துக்கொண்டு வருவாள். அவன் பை தைக்கிற கடையில் வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்ததும் தூசியைத் துலக்கி, கெட்டிலின் ஆவியில் காட்டி, மர அச்சில் மாட்டி, ரிப்பன் தைத்து உயிர் கொடுப்பான். போட்டுக்கொண்டு போவது அவள்தான்.

அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிப் போகவில்லை. எதிரே இஸ்திரி போடுகிறவர் தினமும் கேட்பார்.

"என்னம்மா, இன்னிக்கு எந்த ஊரு ராணி?"

"உங்க கடைக்கு வரி போட வந்த ராணி. எடுத்து வைங்க."

எந்தப் பழைய தொப்பியானாலும் அக்கா முதலில் பார்ப்பது உள்ளேதான். கட்டைவிரலைப் பட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். காகிதம் தட்டுப்பட்டால் முகம் மலர்ந்துவிடும். "வளர்ற பையனுக்கு வாங்கிருக்காங்கடா. தலை வந்து நிரம்பிடும்னு நம்பிக்கை." பட்டை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். "இவங்க முடிவே பண்ணிட்டாங்க. இனிமே இந்தத் தலை இவ்வளவுதான்னு."

"தொப்பி ஜோசியம்" என்று அவன் கிண்டல் செய்வான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டார்.

"இனி மருந்து குடுத்தா அவங்களுக்குக் கஷ்டம்தான் மிச்சம். வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க."

"எதுவரைக்கும் டாக்டர்?"

அவர் அவன் தோளைத் தொட்டார். பிறகு அடுத்த அறைக்குள் போனார்.

அக்கா பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?"

"கொஞ்ச நாள் மருந்து வேண்டாமாம். உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்னார்."

"அப்பச் சரி. அதுக்குள்ள முடி வந்துடும்."

"வந்துடும்."

வெளியே படியிறங்கும்போது காற்று அடித்தது. தொப்பி எழும்பிப் பறந்து, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே உருண்டது. காகிதச் சுருள் தனியாக ஓடியது. காவலாளி ஓடிப்போய் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உங்க கிரீடம்மா" என்றார். நல்ல மனிதர்.

வேறு நாளாக இருந்தால் அக்கா அவருக்குச் சரிக்குச் சரி கொடுத்திருப்பாள். இப்போது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றாள். படியில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வண்டியில் வரும்போது சொன்னாள்.

"பேப்பர் நிக்க மாட்டேங்குது. நல்லா நிக்கற மாதிரி பண்ணிக் குடு."

மறுநாள் மதியம், அவள் தூங்கும்போது, தம்பி தொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் காகிதத்தைத்தான் கனமாக மடித்து வைத்துப் பார்த்தான். நெற்றிப் பக்கம் புடைத்தது. அவளுக்குத் தோல் இப்போது தொட்டாலே கன்றிவிடுகிறது. காகிதத்தை உருவிப் போட்டான். தோல் பட்டையைத் தையல் பிரித்துத் தனியே வைத்தான். கெட்டிலை வைத்தான். ஃபெல்ட்டை ஆவியில் நனைத்து, சின்ன அச்சில் மாட்டி, கயிறு கட்டிக் காய விட்டான். நன்றாகச் சுருங்கிக் கொடுத்தது. பட்டையைத் திரும்ப வைத்தபோது நீளம் அதிகமாகி மடிப்பு விழுந்தது. மடிப்பு விழுந்த தோலை அவன் கை விட்டுவைக்காது. கடையில் அதற்குத்தான் அவனுக்குப் பேர். வெட்டினான். முனைகளைச் சேர்த்து, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தான். நடைவழியில் டாக்டர் தோளைத் தொட்டதிலிருந்து முதல் தடவையாக மனசு இரைச்சலில்லாமல் இருந்தது. தையலைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா தலையணையில் சாய்ந்து வாங்கிக்கொண்டாள். ரிப்பனைத் தடவினாள். "மெனக்கெட்டிருக்கே." வழக்கம்போலக் கவிழ்த்தாள். கட்டைவிரல் பட்டைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி ஒரு சுற்று. ஒட்டுப் போட்ட இடத்தில் நின்றது.

அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது.

"பேப்பர் எங்கடா?"

"நீதானே நிக்கலைன்னே."

"தோலை வெட்டிட்டே."

"மடிப்பு விழுந்துச்சு."

"முடி வந்தா என்ன பண்ணுவே?"

இதற்கு ஆயிரம் பதில் இருந்தது. வேறு தொப்பி பார்க்கலாம், வேறு பட்டை வைக்கலாம். கடையில் வாடிக்கையாளரிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். இப்போது சட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பொறுக்கினான்.

"டாக்டர் எப்பச் சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை. உன்னைப் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு."

"ம்." அவள் தையலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "வாயால நல்லாத்தான் சமாளிச்சே."

"ஃபெல்ட்டை இழுத்துப் பாக்கட்டுமாக்கா? திரும்ப வந்தாலும் வரும்."

"பழசுடா. இழுத்தா விட்டுரும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். வலது பக்கம் சற்றுச் சாய்த்து, எப்போதும் போல. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அசையவில்லை.

"வெட்டின துண்டைக் குடு."

மேசையில் நூல் துணுக்குகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. விரல் நீளம்கூட இல்லை. அவள் தொப்பியைக் கழற்றி, காகிதம் இருந்த இடத்தில் அந்தத் துண்டைச் செருகி மறுபடி போட்டுப் பார்த்தாள். தொப்பி தலையில் இறங்காமல் மேலேயே நின்றது.

"இடிக்குது" என்று எடுத்துக் கொடுத்தாள். "போட்டுடு."

கீழே இஸ்திரிக்காரர் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னம்மா, இன்னிக்கு ராணியைக் காணோமே?"

அக்கா திரும்பி அவருக்குக் கையை மட்டும் காட்டினாள். தம்பி அதற்குள் துண்டைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனான்.

"கூடையில போடுடா" என்றாள் அவள், திரும்பாமலே.

போட்டான்.